போர்க்களமே இல்லாத போர் நாவல்

முதல் உலகப் போரைப் பற்றிய செக் நாவல் ஒன்றில் சிறிய காட்சி ஒன்று வருகிறது. கலீசியப் போர்முனையை நோக்கிச் செல்லும் ராணுவ ரயில் வழியில் ஒரு நிலையத்தில் நிற்கிறது. சிப்பாய் ஒவ்வொருவருக்கும் 150 கிராம் எமெண்டால் பாலாடைக்கட்டி கிடைக்கும் என்று முன்பே சொல்லியிருக்கிறார்கள். வரிசையில் நின்று திரும்பும் சிப்பாயின் கையில் இருப்பதோ ஒரு தீப்பெட்டியும் ஓர் அஞ்சலட்டையும்தான். போரில் மாண்டவர்களுக்காக மேற்குக் கலீசியாவில் அமைக்கப்பட்ட கல்லறைத் தோட்டத்தின் படம் அந்த அட்டையில் அச்சாகியிருக்கிறது. சாகப்போகிறவனுக்குச் சோற்றுக்குப் பதிலாகச் சமாதியின் படம்!

கல்லூரியில் பங்கீட்டு முறை பற்றிப் பாடம் நடத்தும்போது இக்காட்சியை நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். பற்றாக்குறையின் பொருளாதாரம் குறித்து ஹங்கேரிய அறிஞர் யானோஷ் கோர்னாய் 1980-இல் எழுதிய பெருநூலுக்கு ஒரு முன்னுரைப் படம் தேவையெனில் இந்த அஞ்சலட்டையையே நான் பரிந்துரைப்பேன். ஆவணப்படி விநியோகம் நடந்துவிட்டது, வரிசை கலைந்துவிட்டது, கணக்கு முடிந்துவிட்டது. வயிறு மட்டும்தான் நிரம்பவில்லை.

இதை எழுதியவர் யாரோஸ்லாவ் ஹாஷெக். அவர் படைத்த ஷ்வேக் என்ற சிப்பாயை உலகம் அறியும். தளபதிகளின் மடமையைக் கேலி செய்யும் போர் நகைச்சுவைக்கு இருபதாம் நூற்றாண்டில் முன்னோடி யார் என்று கேட்டால், 1961-இல் வெளிவந்த ஜோசப் ஹெல்லரின் ‘கேட்ச்-22’ நாவலைச் சொல்பவர்கள்தாம் அதிகம். அதற்கு நாற்பது ஆண்டுகள் முன்னரே ஹாஷெக் அந்த வேலையைத் தொடங்கிவிட்டார். ஹெல்லரின் கதை, வென்ற படையைப் பற்றியது. ஹாஷெக்கின் கதையோ தோற்று, கலைந்து, வரைபடத்திலிருந்தே மறைந்துபோன ஒரு பேரரசின் படையைப் பற்றியது.

ஹாஷெக் 1883 ஏப்ரல் 30 அன்று பிராக் நகரில் பிறந்தார். தந்தை கணித ஆசிரியர். நிலையான வருமானமற்றவர், குடிப்பழக்கம் உடையவர். குடும்பம் அடிக்கடி வீடு மாறிக்கொண்டே இருந்தது. ஹாஷெக்குக்கு 13 வயதாகும்போது தந்தை இறந்தார். மறு ஆண்டு பிராக் தெருக்களில் ஜெர்மானியர்களுக்கு எதிரான கலவரம் மூண்டபோது, பள்ளிச் சிறுவனான அவரும் அதில் இருந்தார். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. சிறிது காலம் ஒரு மருந்துக்கடையில் வேலை. பிறகு வணிகவியல் கல்விக்கூடத்தில் சேர்ந்து 1902-இல் தேறி, ஸ்லாவியா வங்கியில் எழுத்தராக அமர்ந்தார். அந்த வேலை ஓராண்டுதான் நிலைத்தது. சொல்லாமல் கொள்ளாமல் நாடோடியாய்ச் சுற்றக் கிளம்பிவிடுகிற எழுத்தரை எந்த வங்கிதான் வைத்துக்கொள்ளும்?

அதன் பின் வந்த பத்தாண்டுகளை அவருடைய வரலாற்றை எழுதுபவர்கள் குறும்புகளின் தொகுப்பாகவே சொல்வது வழக்கம். அவற்றில் பல உண்மை. அராஜகவாதிகளோடு திரிந்து, காவலரைத் தாக்கியதற்காக 1907-இல் ஒரு மாதம் சிறை சென்றார். விலங்குகள் பற்றிய ஓர் இதழுக்கு ஆசிரியராகி, உலகில் இல்லாத விலங்குகளைக் கண்டுபிடித்து எழுதி வேலையிழந்தார். பிறகு நாய் விற்பனைக் கடை வைத்தார். தெருநாய்களுக்குப் போலி வம்சாவளிச் சான்று எழுதி விற்கும் ஷ்வேக்கின் தொழில் அங்கிருந்து வந்ததுதான். 1911-இல் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில், சட்ட வரம்புக்கு உட்பட்ட மிதமான முன்னேற்றக் கட்சி என்ற பெயரில் ஒரு கட்சியின் வேட்பாளராக மதுக்கூடத்தில் மேடையேறினார். வாக்காளர் ஒவ்வொருவருக்கும் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் மீன்தொட்டி இலவசம் என்பது அவர் தந்த வாக்குறுதிகளில் ஒன்று. தேர்தல் கால இலவசங்களைப் பற்றி இன்று ஏடுகளில் ஆய்வுரை எழுதுபவர்கள் இந்த மீன்தொட்டியையும் கணக்கில் சேர்க்கலாம்.

ஆனால், இந்தக் குறும்புகளுக்குப் பின்னால் ஒரு வீடும் இருந்தது. யார்மிலா என்ற பெண்ணை 1910-இல் அவர் மணந்தார். பெண் வீட்டார் கேட்டதெல்லாம் நிலையான வேலை ஒன்றுதான். 1912-இல் மகன் பிறந்தான். அந்த ஆண்டே குடும்பம் பிரிந்தது. சிரிக்கவைத்த மனிதரோடு வாழ நேர்ந்தவர்களின் பக்கம், வேடிக்கைக் கதைகளைத் தொகுப்பவர்களின் கண்ணில் படுவதேயில்லை. எனக்கு இது உறுத்துகிறது. யார்மிலாவும் எழுத்தாளர்தாம் என்பதை எத்தனை பேர் குறிப்பிடுகிறார்கள்?

ஷ்வேக் முதலில் தோன்றியது 1911-இல், போருக்கு மூன்றாண்டுகள் முன்பு, சில சிறுகதைகளில். அந்த ஷ்வேக் சாதாரணமானவன். பேரரசருக்கு இறுதிவரை உழைக்கத் துடிக்கும் ஓர் அசடு, அவ்வளவே. அவனைச் சுற்றி ஓர் உலகம் உருவாக வேண்டுமானால் ஹாஷெக்கே சீருடை அணிய வேண்டியிருந்தது.

1915-இன் தொடக்கத்தில் அவர் 91-ஆவது காலாட்படை ரெஜிமெண்டில் சேர்க்கப்பட்டார். அப்போது ஆஸ்திரிய-ஹங்கேரியப் படை இருந்த நிலையை இங்கே சொல்லியாக வேண்டும். போருக்குக் காரணமான சரயேவோ படுகொலையின்போது இளவரசர் ஃபெர்டினாண்டின் காரில் உடனிருந்தவர் போஸ்னியாவின் ஆளுநர் ஜெனரல் ஒஸ்கார் போட்டியோரெக். இளவரசரின் பாதுகாப்புக்குப் பொறுப்பாயிருந்த அவரிடமே செர்பியாவை வெல்லும் பொறுப்பும் ஒப்படைக்கப்பட்டது! தன்னைவிடப் பன்மடங்கு சிறிய நாட்டின் மீது படையெடுத்து, மீண்டும் மீண்டும் விரட்டப்பட்டு, 1914 டிசம்பரில்தான் அவர் பதவியிழந்தார். வடக்கே, 1915 மார்ச்சில் பிரெமிசில் கோட்டை ரஷ்யரிடம் வீழ்ந்தபோது சரணடைந்தவர்கள் ஏறத்தாழ 1,20,000 பேர். ஏப்ரலில், பிராக் நகரின் 28-ஆவது ரெஜிமெண்ட் எதிர்ப்பின்றிச் சரணடைந்தது என்று குற்றஞ்சாட்டி, அதைக் கலைத்தார்கள். நாவலில் வரும் தளபதிகள் மிகைப்படுத்தப்பட்டவர்கள் என்று கருதுவோர் இந்த ஓராண்டு வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

மொழிச் சிக்கல் இன்னொன்று. பத்துக்கும் மேற்பட்ட மொழிகள் பேசும் படை அது. கட்டளைகள் ஜெர்மானிய மொழியில். சிப்பாய் தெரிந்துகொள்ள வேண்டியவை ஏறத்தாழ 80 சொற்கள். ஒரு ரெஜிமெண்டில் 20 சதவீதத்தினராவது பேசும் மொழியை அதன் அதிகாரிகள் கற்றாக வேண்டும் என்பது விதி. அமைதிக் காலத்தில் இது ஓரளவு நடந்தது. உண்மையில், பிற பேரரசுகளோடு ஒப்பிட்டால் பாராட்டத்தக்க ஏற்பாடுதான். ஆனால், 1914-இன் முதல் சில மாதங்களிலேயே தொழில்முறை அதிகாரிகளில் பெரும்பகுதியினர் மாண்டோ காயமுற்றோ போனார்கள். அவர்களின் இடத்துக்கு ரிசர்வ் அதிகாரிகள் வந்தார்கள்: ஆசிரியர்கள், எழுத்தர்கள், வழக்கறிஞர்கள். சிப்பாயின் மொழியும் தெரியாது, போரும் தெரியாது. அனுபவம் என்னும் மூலதனம் ஆறே மாதங்களில் கரைந்துவிட்ட ஒரு நிறுவனத்தில் ஹாஷெக் போய்ச் சேர்ந்தார்.

அங்கே அவர் கண்டவர்கள் பெயரோடு நாவலில் வருகிறார்கள். லூகாஷ் அவருடைய கம்பெனியின் உண்மையான தலைவர். லூகாஷின் பணியாளான ஸ்டிராஷ்லிப்கா, எதைச் சொன்னாலும் அதற்கொரு கதை வைத்திருப்பவர். ஷ்வேக்கின் ஓயாத வாய் அவரிடமிருந்து பெறப்பட்டது. வானெக், சாக்னர், பீக்ளர் எல்லோரும் ரெஜிமெண்டில் இருந்தவர்களே. படைத்தொழிலை வெறுத்ததாகச் சொல்லப்படும் ஹாஷெக், துணிவுக்கான வெள்ளிப் பதக்கம் பெற்றார் என்பதும் பதிவில் உள்ளது. 1915 செப்டம்பர் 24 அன்று துப்னோ அருகே ரஷ்யர்களிடம் பிடிபட்டார். ஸ்டிராஷ்லிப்காவும் அன்றே பிடிபட்டார். ஹாஷெக் போர்முனையில் இருந்தது சில மாதங்கள்தான். 700 பக்கங்களைத் தாண்டும் நாவலுக்கு அவருக்கு அது போதுமானதாயிற்று.

அந்த நாவலின் அதிகாரிகளைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். கர்னல் ஸில்லர்குட் என்பவர், எல்லோருக்கும் தெரிந்ததை எல்லோருக்கும் விளக்குபவர். சன்னல் என்றால் என்ன, சாலை என்றால் என்ன, சாலையோரப் பள்ளம் என்றால் என்ன என்று நிறுத்தி நிறுத்தி வரையறை சொல்வார். அவரைக் கண்டாலே மற்ற அதிகாரிகள் ஓடி ஒளிவார்கள். ஆனாலும், மேலிடத்துச் செல்வாக்கால் பதவி உயர்வு மட்டும் தடையின்றி வந்துகொண்டிருக்கும். ஒரு ஜெனரல் வருகிறார். சிப்பாய்கள் இரவு உறங்கப்போகும் முன் குறித்த நேரத்தில், பிரிவு பிரிவாகக் கழிப்பறைக்குச் செல்வதில்தான் வெற்றியே அடங்கியிருக்கிறது என்று நம்புபவர். கேடட் பீக்ளர், தான் எழுதப்போகும் போர் நூல்களுக்கு வரிசையாகத் தலைப்பு மட்டும் எழுதி வைத்திருப்பவன். அளவுக்கு மீறித் தின்ற கிரீம் பண்டத்தால் அவனுக்கு வயிறு கெட்டுப்போக, பட்டாலியனின் மானத்தைக் காக்க அது தொற்றுநோய் என்று பதிவாகிறது. அவன் காலரா மருத்துவமனைக்கே அனுப்பப்படுகிறான்.

எனக்கு மிகவும் பிடித்தது ரகசியக் குறியீட்டுக் காட்சி. போர்முனைச் செய்திகளை மறைத்து எழுத அதிகாரிகளுக்கு ஒரு திட்டம் விளக்கப்படுகிறது. லுட்விக் காங்கோஃபரின் இரண்டு பாகக் கதை ஒன்றுதான் திறவுகோல். கேப்டன் சாக்னர் பெருமிதத்தோடு விளக்கி முடிக்கும்போதுதான் தெரிகிறது, சாவி இருப்பது இரண்டாம் பாகத்தில், அதிகாரிகளின் கையில் இருப்பது முதல் பாகம் என்று. புத்தகங்களை வாங்கிவரப் போன ஷ்வேக், கதையை யாரும் முதலிலிருந்துதானே படிப்பார்கள் என்று நினைத்து முதல் பாகத்தை மட்டும் கொடுத்துவிட்டான். போதாததற்கு, அந்தக் குறியீட்டு முறையே முன்பு அச்சான ஒரு கையேட்டில் உள்ளதுதான் என்பதை இளைய கேடட் எடுத்துக்காட்டுகிறான். அக்கூட்டத்தில் முறையாகச் சிந்தித்தவர்கள் யார்? அடிமட்டத்தில் இருந்த இருவர். ஆனால் ஏச்சு யாருக்கு விழும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கேதான் ஹாஷெக்கை வெறும் கேலிக்காரராகக் கொள்வோரிடமிருந்து நான் வேறுபடுகிறேன். மடையர்கள் எந்த நிறுவனத்திலும் உண்டு. தவறு செய்பவருக்கு அத்தவற்றின் செலவு போய்ச்சேராத அமைப்பில் மடமை எப்படி மேலே ஏறுகிறது என்பதைத்தான் அவர் பக்கம் பக்கமாகக் காட்டுகிறார். கர்னலின் பிழைக்கு விலை கொடுப்பவன் சிப்பாய். சிப்பாயின் பசி கர்னலின் ஆவணத்தில் இடம்பெறுவதில்லை. பொருளியலில் இதற்குக் கனமான கலைச்சொற்கள் உள்ளன. எனினும், எப்போதும் பசித்திருக்கும் பாலௌன் என்ற பாத்திரம், அதிகாரியின் உணவைத் திருடித் தின்றுவிட்டு அழும் இடத்தைப் படித்த பிறகு அச்சொற்கள் எனக்குச் சப்பென்று தோன்றின.

அதே நேரம் எல்லா அதிகாரிகளையும் அவர் ஒரே தராசில் நிறுக்கவில்லை. நாவலின் லூகாஷ் பெண்பித்து உடையவர், கோபக்காரர், ஆனால் கெட்டவரல்லர். தம் சிப்பாய்களைக் காப்பவர். உண்மை லூகாஷ் பிற்காலத்தில் செக்கோஸ்லோவாக்கியப் படையிலும் பணிபுரிந்தார். கொடியவனாக வருபவன் டூப். வாழ்நாளெல்லாம் வகுப்பில் மாணவர்களை மிரட்டியே பழகிய ஆசிரியன். போர் வந்ததும் அந்த மிரட்டலுக்குச் சீருடை கிடைத்துவிட்டது. என்போன்றோர் கூச்சத்தோடு படிக்க வேண்டிய பக்கங்கள் அவை.

ரஷ்யாவில் கைதியாக ஹாஷெக் பட்டது எளிதானதல்ல. சமாரா பகுதியின் தோத்ஸ்கோயே முகாமில் 1915-16 குளிர்காலத்தில் டைபஸ் காய்ச்சலால் கைதிகள் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள், அவர் பிழைத்தார். 1916-இல், ஆஸ்திரியாவுக்கு எதிராகப் போரிட ரஷ்யாவில் திரட்டப்பட்ட செக்கோஸ்லோவாக்கியப் படையணியில் சேர்ந்து அதன் ஏட்டில் எழுதினார். 1917-இல் கீவ் நகரில் ஷ்வேக் பற்றிய இரண்டாவது நூல் வெளிவந்தது. 1918-இல் அந்தப் படையணியை விட்டுச் செஞ்சேனைப் பக்கம் போனார். படையணி அவரைக் கைதுசெய்ய ஆணையிட்டது.

அடுத்த இரண்டாண்டுகள்தாம் அவருடைய வாழ்க்கையின் பெரிய புதிர். குடித்தே கெட்டவர் என்று பெயரெடுத்தவர், குடியை விட்டார். எந்த வேலையிலும் நிலைக்காதவர், ஐந்தாவது சேனையின் அரசியல் பிரிவில் திறமையான நிர்வாகி ஆனார். வோல்கா பகுதியின் புகுல்மா நகரில் ராணுவப் பொறுப்பாளருக்குத் துணையாக இருந்து, பிறகு யூஃபா, கிராஸ்னயார்ஸ்க், இர்கூத்ஸ்க் என்று கிழக்கே நகர்ந்தார். பல மொழிகளில் ஏடுகள் நடத்தினார். புரியாத் மக்களுக்காக அவர்களுடைய மொழியிலேயே ஓர் ஏடும் அவற்றுள் ஒன்று. 1920-இல் அலெக்சாந்திரா என்ற ரஷ்யப் பெண்ணை மணந்தார். யார்மிலாவுடனான மணம் சட்டப்படி முறியாத நிலையிலேயே இது நடந்தது.

ஒழுங்கைக் கேலி செய்தவர் ஒழுங்கின் ஆளாக மாறிவிட்டாரா? புகுல்மா நாள்களைப் பற்றி 1921-இல் அவர் எழுதிய கதைகள் வேறு விதமாகச் சொல்கின்றன. அதில் ஒரு செஞ்சேனைத் தளபதி, எழுதப் படிக்கத் தெரியாத நகரவாசிகள் எல்லோரும் மூன்றே நாள்களில் கற்றுக்கொள்ள வேண்டும், தவறினால் சுட்டுக் கொல்லப்படுவார்கள் என்று ஆணை எழுதுகிறான். அதைத் தடுத்து நிறுத்துவதே கதைசொல்லியின் வேலையாகிறது. கொடி மாறினாலும் ஆணையின் மொழி மாறவில்லை என்பதை அவர் பார்த்திருக்கிறார். தாம் நம்பிய பக்கத்தைப் பற்றியும் இப்படி எழுத முடிந்ததால்தான், பேரரசைப் பற்றி அவர் எழுதியதை நான் நம்புகிறேன்.

1920 டிசம்பரில் பிராக் திரும்பினார். கிளாட்னோ சுரங்கத் தொழிலாளர்களிடையே பணியாற்ற அனுப்பப்பட்டவர் வந்து சேர்ந்தபோது, அங்கிருந்த வேலைநிறுத்தம் ஒடுக்கப்பட்டிருந்தது. புதிய குடியரசோ, ரஷ்யாவில் போரிட்ட படையணியைத் தன் பிறப்புக் காவியமாகப் போற்றிக்கொண்டிருந்தது. அந்தப் படையணியை விட்டு ஓடியவரை யார் வரவேற்பார்கள்? துரோகி, இரண்டு பெண்டாட்டிக்காரர், குடிகாரர் என்ற பெயர்களே அவருக்குக் காத்திருந்தன. குடியும் மீண்டும் பிடித்துக்கொண்டது.

அந்த நிலையில்தான் 1921-இல் ஷ்வேக் நாவலைத் தொடங்கினார். பதிப்பகம் கிடைக்காமல் நண்பர் ஃபிராண்டா சாவெரோடு சேர்ந்து தாமே சிறு சிறு பகுதிகளாக அச்சிட்டு விற்றார். அவ்வாண்டு ஆகஸ்டில், ஓவிய நண்பர் பனுஷ்காவோடு லிப்னிட்சே என்ற மலைக்கிராமத்துக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். நாவல் மெல்ல விற்கத் தொடங்கியதும், கோட்டையடியில் ஒரு சிறிய வீடு வாங்கினார். உடல் பருத்து வீங்கி, எழுதும் வலுவிழந்த நிலையில், ஷ்டெபானெக் என்ற இளைஞரை அமர்த்தி வாய்மொழியாகச் சொல்லி எழுதவைத்தார். 1923 ஜனவரி 3 அன்று, நாற்பது நிறைவதற்குள் இறந்தார். அந்தச் செய்தியை பிராக் நண்பர்கள் சிலர் நம்பவில்லை. இதுவும் அவருடைய பழைய விளையாட்டுகளில் ஒன்று என்றே நினைத்தார்கள்.

இன்று நாம் காணும் உருண்டை முகத்து ஷ்வேக், யோசெப் லாதா வரைந்த படங்களால் நிலைபெற்றவன். அப்படங்களில் பெரும்பாலானவை ஹாஷெக்கின் மறைவுக்குப் பின் வந்தவை. 1926-இல் ஜெர்மானிய மொழிபெயர்ப்பு வந்தது. 1928-இல் பிஸ்காட்டர் அதைப் பெர்லினில் நாடகமாக்கினார். 1943-இல் பிரெக்ட், ஷ்வேக்கை இரண்டாம் உலகப் போருக்குள் கொண்டுசென்று நாடகம் எழுதினார். ஆங்கிலத்தில் முழுமையாகப் படிக்க 1973 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மொழிபெயர்த்த செசில் பேரட், பிராகில் பிரிட்டன் தூதராக இருந்தவர். அதிகாரத்தின் அபத்தத்தை ஓர் அதிகாரி இத்தனை அக்கறையோடு மொழிபெயர்த்தது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

ஆறு பாகங்களாகத் திட்டமிடப்பட்ட நாவலில், நான்காம் பாகத்தின் நடுவிலேயே ஹாஷெக்கின் குரல் நின்றுவிடுகிறது. பிறகு கரேல் வானெக் என்ற எழுத்தாளர் அதைத் தொடர்ந்து எழுதிப் பார்த்தார், அது ஒட்டவில்லை. இத்தனை நீண்ட போர் நாவலில் ஷ்வேக் பங்கேற்கும் போர் ஒன்றுகூட இல்லை. ரயில் போகிறது, உத்தரவு வருகிறது, உணவு வரவில்லை. ரெஜிமெண்டைத் தேடி நடக்கும் ஷ்வேக் சுற்றிச் சுற்றி அதே வட்டாரத்தில் அலைகிறான். குளக்கரையில் கிடந்த ரஷ்யச் சீருடையைப் போட்டுப் பார்த்துத் தன் படையிடமே கைதியாகிறான். அவனைத் தூக்கிலிடத் துடிக்கும் ஒரு ஜெனரலிடமிருந்து தப்பி, ஒருவழியாகத் தன் கம்பெனிக்கு வந்து சேர்கிறான். ஹாஷெக் சொல்லி எழுதவைத்த கடைசிப் பக்கத்தில், அதிகாரிகளின் மேசையில் குடிபோதையில் இருக்கும் டூப், நாட்டுப்பற்றைப் பற்றியும் கடமையைப் பற்றியும் உரையாற்றிக்கொண்டிருக்கிறான். படை எல்லையைக் கடக்கும் நாள் நெருங்கிவிட்டது என்கிறான்.